படங்கு கழுவும் வீடு

ஓய்வு பெற்ற பிறகும் என்னை நிம்மதியாக விடாத ஒரு மனிதர் உண்டு என்றால் அது நஸீர் நானாதான். மாத்தளைக்குப் பக்கத்தில், நான் இப்போது குடிவந்திருக்கும் பலாபத்வலையில், என் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். மிளகும் கராம்பும் வாங்கி விற்றவர். இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்வதால் இவருக்கு நாள் முழுக்கப் போன்தான் வேலை. விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு எனக்கு ஒரு வீடியோ வந்துவிடும். மூளை நரம்பைக் காக்கும் கீரை, நடுக்கத்தை நிறுத்தும் எண்ணெய், பார்க்கின்சன் நோயை ஓட ஓட விரட்டும் கஷாயம் என்று தினமும் ஒன்று. நர்ஸ் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் அவருக்கு நான் மிஸிதான். "மிஸி, இது மெய்யா?" என்று கீழே ஒரு கேள்வியும் இருக்கும்.

போன வாரம் வந்த வீடியோவில் ஒருவர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஒரு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். அந்த டப்பாவில் இருக்கும் குளிசை நரம்புக் கலங்களை எல்லா விஷத்திலிருந்தும் காக்குமாம். கோட்டு நன்றாகத்தான் இருந்தது. வாங்க வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல மீன் வாங்குங்கள் என்று வேலிக்கு மேலாகவே சொல்லிவிட்டேன். நஸீர் நானாவின் முகம் வாடிவிட்டது.

"அப்ப நரம்பைக் காக்க ஒண்ணுமே இல்லையா மிஸி?" என்று கேட்டார்.

அதற்கு நின்ற வாக்கில் பதில் சொல்ல முடியவில்லை. நான் கடைசியாக வேலை செய்த நரம்பு நோய்க் கிளினிக்கில் இப்போது இருக்கும் நர்ஸ் பிள்ளைகள் ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். அதற்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அவர்களும் விடாமல் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் மூளையின் அடிப்பக்கத்தில் ஒரு சிறிய இடத்தில் கொஞ்சம் கலங்கள் இருக்கின்றன. கையைத் தூக்க நினைத்தால் கை தடங்கலில்லாமல் எழும்புவதற்கு வேண்டிய ஒரு சாரத்தை அவை சுரக்கின்றன. டோபமின் என்று பெயர். பார்க்கின்சன் நோயில் அந்தக் கலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப் போகின்றன. கை நடுங்கி, நடை குறுகி, ஆள் எங்களிடம் வந்து சேரும்போது பெரும்பகுதி போயிருக்கும். நாங்கள் கொடுக்கும் குளிசை அந்தச் சாரத்தை வெளியிலிருந்து கொடுக்குமே தவிர, செத்த கலத்தை எழுப்பாது. ஏன் சாகின்றன என்பதற்கு முழுப் பதில் இன்னும் யாரிடமும் இல்லை. வயது ஒரு காரணம், பரம்பரை சிலருக்குக் காரணம், சில விஷங்கள் காரணமாக இருக்கலாம். புல்லுக்கும் பூச்சிக்கும் அடிக்கிற மருந்துகளில் சில அந்தச் சந்தேகத்தில் இருக்கின்றன.

என் படிப்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மாத்தளை டவுனில் பிறந்தேன், கோயில் பள்ளிக்கூடத்தில் படித்தேன், கண்டியில் பயிற்சி எடுத்தேன். ஊர் ஊராக வார்டு வார்டாக ஓடினேன். முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு, உட்கார்ந்து செய்கிற வேலை என்று சொல்லி எங்கள் மாவட்டத்திலேயே ஒரு நரம்பு நோய்க் கிளினிக்கில் போட்டார்கள். அங்கே ஒரு நாளும் நான் உட்காரவில்லை. காரணம் எங்கள் டாக்டர் அம்மா.

அவர் தென்பகுதியில் பிறந்த சிங்களப் பெண்மணி. ஒல்லியானவர், சத்தம் போடாதவர். தமிழ் கேட்டால் பாதி விளங்கும், பேச வராது. ஆகவே தமிழ் நோயாளிகளுக்கும் அவருக்கும் நடுவில் நான்தான் வாய். மற்ற டாக்டர்மார் நோயாளி வந்து உட்கார்ந்த பிறகு பார்ப்பார்கள். இவர் ஆள் வருவதற்கு முன்பே எழும்பி வாசலில் போய் நின்றுவிடுவார். வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஆள் நடந்து வருவதைப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. நடக்கும்போது இரண்டு கையும் வீசுகிறதா, ஒரு கை மட்டும் விலாவோடு ஒட்டிக்கொண்டு வருகிறதா, நிலைப்படியில் கால் தயங்குகிறதா என்று பார்ப்பார். "நாற்காலியில் உட்கார்ந்தவுடன் எல்லோரும் நல்ல பிள்ளையாகிவிடுவார்கள் மிஸி, நடக்கும்போதுதான் உண்மை தெரியும்" என்று சிங்களத்தில் என்னிடம் சொல்வார். அவர் நிற்கும்போது நான் எப்படி உட்காருவது?

பிறகு உள்ளே கூட்டிவந்து, பெருவிரலையும் சுட்டு விரலையும் தட்டச் சொல்வார். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்வார். பெயரை எழுதச் சொல்வார். எழுத்து போகப் போகச் சிறுத்தால் அது ஓர் அடையாளம். ஆளை நிற்க வைத்துப் பின்னாலிருந்து தோளைப் பிடித்துச் சட்டென்று இழுப்பார். அப்போது விழுந்தால் தாங்கிக்கொள்ள நான் பின்னால் நிற்க வேண்டும். நாவுலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பருத்த விவசாயி ஒருமுறை அப்படியே என் மேல் சாய்ந்து, இருவரும் சுவரில் போய் முட்டிக்கொண்டோம். டாக்டர் அம்மா சிரிக்காமல், "சரி, விழுகிறார்" என்று குறித்துக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் எல்லோரிடமும் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார். இந்தக் கையால் இவ்வளவு காலமும் என்ன வேலை செய்தீர்கள்? தொழில் என்ன என்று கேட்க மாட்டார். கையால் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்பார்.

என் பொறுப்பில் இருந்தவை நான்கு சின்னப் போத்தல்கள். கண்ணை மூடச் சொல்லி மூக்கருகில் பிடிப்போம். இந்த நோய் உள்ள பலருக்குக் கை நடுங்குவதற்கு நெடுங்காலம் முன்பே மூக்கு வேலைநிறுத்தம் செய்துவிடும். அவர்களுக்கே அது தெரியாது. வெளிநாட்டில் இதற்கென்று செய்து விற்கிறார்களாம். நமக்கு அது எங்கே வரப்போகிறது? மாத்தளையில் இருந்துகொண்டு வாசனைக்குப் பஞ்சமா என்று நானே கராம்பு, ஏலக்காய், கோப்பித்தூள், சாதிக்காய் போட்டு வைத்தேன்.

நஸீர் நானா எனக்கு அறிமுகமானதே அந்தப் போத்தல்களால்தான். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் கை நடுங்குகிறது என்று பயந்து வந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு முதல் போத்தலை மோந்தவர், "இது கராம்பு. ஆனா போன போகத்துச் சரக்கு. மிஸி, உங்களை யாரோ ஏமாத்திட்டாங்க" என்றார். டாக்டர் அம்மா சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். நஸீர் நானாவுக்குப் பார்க்கின்சன் இல்லை. இந்த நோயில் கை மடியில் சும்மா கிடக்கும்போதுதான் அதிகம் நடுங்கும். ஏதாவது செய்யும்போது நடுங்குவது பெரும்பாலும் வேறு விஷயம். அவருடைய வாப்பாவுக்கும் அப்படித்தான் இருந்ததாம். அன்று மாலையே புதுக் கராம்பு ஒரு பொட்டலம் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தது.

இனி லூர்தம்மாவின் கதைக்கு வருகிறேன்.

யட்டவத்தையிலிருந்து இன்னும் மேலே ஏறிப் போக வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து சவரிமுத்து என்றொருவர் வந்தார். தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் கூட்டத்துக்கு அவர்தான் கங்காணி. முதுகில் மருந்து டாங்கியைச் சுமந்துகொண்டு மலையெல்லாம் ஏறி இறங்கி நரைத்தவர். கை நடுக்கம் என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். துணைக்கு மனைவி லூர்தம்மா வந்திருந்தார். கொழுந்து எடுத்து ஓய்ந்த பெண், அறுபதை எட்டாத வயது. டாக்டர் அம்மா வழக்கம்போல வாசலில் நின்றார். சவரிமுத்து இரண்டு கையையும் வீசி, சிப்பாய் மாதிரி நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் லூர்தம்மா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு சின்னச் சின்ன அடியாக வந்தார். இடது கை விலாவை விட்டு அசையவில்லை. நிலைப்படி வந்ததும், அங்கே வாய்க்கால் ஒன்று ஓடுவதுபோல நின்று, பிறகு காலைத் தூக்கி வைத்தார்.

டாக்டர் அம்மா என் பக்கம் திரும்பி, கார்ட் யாருடைய பெயரில் இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். கணவர் பெயரில் என்றேன். அந்த அம்மாவுக்கும் ஒன்று போடுங்கள் என்றார்.

சவரிமுத்துவின் நடுக்கம் காலையில் வருவது, மாலையில் ஒரு கிளாஸ் உள்ளே போனதும் அடங்குவது. அதற்கு டாக்டர் அம்மா வேறு இடத்துக்குச் சீட்டு எழுதினார். லூர்தம்மாவை அந்த நாற்காலியில் உட்கார வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "எனக்கு ஒண்ணும் இல்லீங்க மிஸி. அவரைப் பாருங்க, அவருதான் காலம் பூரா மருந்து அடிச்ச மனுசன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விரலைத் தட்டச் சொன்னால் நாலு தட்டில் விரல் நின்றுவிட்டது. கையால் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டோம். கொழுந்து எடுத்தேன், இப்போது வீட்டில் சும்மாதான் இருக்கிறேன் என்றார். பெண்கள் எல்லோரும் சொல்கிற பதில்தான். சமைத்து, துவைத்து, தண்ணீர் தூக்கி, பிள்ளை பார்த்துவிட்டு, சும்மா இருக்கிறேன் என்பார்கள். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் அன்று நான் தோண்டிக் கேட்கவில்லை, டாக்டர் அம்மாவும் கேட்கவில்லை. வராந்தாவில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

போத்தல்களைப் பிடித்தேன். நாலுக்கும் ஒரே பதில்தான். வாசமே இல்லையே என்றார். கடைசியில் எனக்காக இரக்கப்பட்டு, "கடையில இப்பல்லாம் நல்ல சாமான் குடுக்கிறதில்லீங்க" என்றார். உள்ளே இருந்தது நஸீர் நானா அனுப்பிய புதுக் கராம்பு. மூடியைத் திறந்ததும் அறை முழுக்க மணத்தது.

குளிசை தொடங்கினோம். வெறும் வயிற்றில் எப்போது போட வேண்டும், சாப்பாட்டுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது கையில் கொஞ்சம் இலகு தெரிந்தது. தலையைத் தானே வாரி முடிந்திருந்தார். அதைச் சொல்லிக் காட்டியபோது அவருக்கு வெட்கம்.

அதற்கும் அடுத்த முறை கணவருக்கு வேலை இருந்ததால் மகள் ரெஜினா கூட்டி வந்தாள். அதே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அடுத்த காம்பராவில் இருப்பவள், இடுப்பில் ஒரு குழந்தை. மருந்துச் சீட்டை வாங்கக் கையை நீட்டினாள். அந்தக் கையைப் பார்த்ததும் சீட்டை விடாமல் நான் பிடித்துக்கொண்டேன். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. நகங்கள் வெளிறி, மஞ்சள் பூத்து, இரண்டு விரலில் நகம் பாதியோடு உடைந்திருந்தது.

"என்னம்மா கையில?"

"படங்கு கழுவுறதுங்க மிஸி. அம்மாவுக்குக் கை வரல்லன்னு நான்தான் இப்ப கழுவுறேன்."

படங்கு என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். டவுன்காரர்களுக்காகச் சொல்கிறேன். அது தடித்த சாக்குத்துணி. கொழுந்து எடுக்கும் பெண்கள் செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் சுற்றிக்கொள்வார்கள். மருந்தடிக்கும் ஆண்கள் அதை மடித்து முதுகில் கட்டி, அதன் மேல் டாங்கியைச் சுமப்பார்கள். டாங்கி முதுகை அறுக்காமலிருக்கத்தான் அது. ஆனால் பழைய டாங்கிகள் எல்லாம் ஒழுகும். ஒழுகுவது முழுவதையும் படங்கு குடித்துக்கொள்ளும். தோட்டத்து மருந்து ஸ்டோரில் பிளாஸ்டிக் அங்கி இருக்கிறது, ஆனால் வெயிலில் புழுங்குகிறது என்று யாரும் போடுவதில்லை.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மருந்துக் கூட்டத்தின் படங்கெல்லாம் கங்காணி வீட்டுக்குத்தான் வரும். கங்காணியின் மனைவி அவற்றை லயத்துப் பீலியில், அதாவது மலையிலிருந்து குழாய் வைத்து இறக்கிய தண்ணீரில், கையால் கசக்கிக் கழுவிக் காயப்போட வேண்டும். அதற்குப் பதிலாகக் கூட்டத்து ஆண்கள் அந்த வீட்டுக்கு விறகு வெட்டிப் போடுவார்கள், கூரைத் தகரம் பறந்தால் ஏறி அடித்துக் கொடுப்பார்கள். காசு பணம் கிடையாது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து லூர்தம்மா கழுவினார். கை வராமல் போனதும் மகள் கழுவினாள்.

சோப்புப் போட்டுக் கழுவுகிறாயா, சுத்தமாகிறது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அம்மாதான் சொல்லும். பக்கத்தில உக்காந்து ஒவ்வொண்ணா மூஞ்சில வச்சு மோந்து பாக்கும். வாடை போயிருச்சு, காயப்போடுன்னா போடுவேன். எனக்கு வாடை இன்னும் இருக்கிற மாதிரிதான் இருக்கும். ஆனா அம்மாவுக்குத் தெரியாததாங்க?"

லூர்தம்மா பக்கத்து நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு, மகள் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே போய் டாக்டர் அம்மாவிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். காத்திருந்தவர்களிடம் கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லச் சொல்லிவிட்டு, தாயையும் மகளையும் உட்கார வைத்து, லூர்தம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிங்களத்தில் மூன்று விஷயம் சொன்னார். உங்கள் நோய் இதனால்தான் வந்தது என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பது ஒன்று. ஆனால் அந்த மாதிரி மருந்துகள் இந்த நரம்புக் கலங்களைக் கொல்வதாகச் சந்தேகம் பலமாக இருக்கிறது என்பது இரண்டு. உங்கள் மூக்கு எப்போதோ செத்துவிட்டது, அதனால் நீங்கள் சுத்தம் என்று சொன்னது சுத்தமில்லை, அந்த விஷத்துக்குள் இப்போது உங்கள் மகளின் கை இருக்கிறது என்பது மூன்றாவது.

பிறகு என்னிடம், அப்படியே சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்றார்.

முதல் இரண்டையும் சொன்னேன். மூன்றாவதைச் சொல்லவில்லை. அதை வேறு ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று டாக்டர் அம்மாவைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் பேசத்தான் வராதே தவிர, மூன்று சொன்னதில் இரண்டுதான் போயிருக்கிறது என்று எண்ணத் தெரியும். நான் சொல்லும் வரை காத்திருந்தார். அந்த நிமிடம் அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இவ்வளவு அவ்வளவு அல்ல. பெற்ற தாயிடம் இதை எப்படிச் சொல்வது? ஆனால் அவர் செய்ததுதான் சரி. நான் அன்று சொல்லாமல் விட்டிருந்தால் அடுத்த வாரமும் அந்தப் பிள்ளை கழுவியிருப்பாள்.

சொன்னேன்.

இந்த நோயில் முகம் மரத்துப்போகும், உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியில் தெரியாது. லூர்தம்மாவின் கண்ணில் மட்டும் தண்ணீர் நிறைந்து வழிந்தது. "அப்ப நான் காயப்போடுன்னு சொன்னதெல்லாம்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். தன் நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளின் கையைப் பிடித்து என் பக்கம் இழுத்தார்.

"இவளுக்கு வாசம் தெரியுதான்னு பாருங்க மிஸி. அந்தப் போத்தலை எடுங்க."

ரெஜினா நோயாளியே இல்லை, கார்ட் இல்லை. டாக்டர் அம்மா தலையை அசைத்தார். கண்ணை மூடச் சொல்லிப் பிடித்தேன். கராம்பு என்றாள், ஏலக்காய் என்றாள், கோப்பி என்றாள். நாலாவதில் கொஞ்சம் திணறினாள். பிறகு, பெயர் வாயில் வரவில்லை, மாமியார் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் இழைத்துக் கொடுப்பார் என்றாள். சாதிக்காயைத்தான் சொன்னாள். லூர்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் இவள் அதைத் தொடமாட்டாள் என்று எங்கள் இருவருக்கும் சொன்னார்.

சொல்வது சுலபம். அடுத்த கிளினிக்குக்கு மனைவியோடும் மகளோடும் வந்த சவரிமுத்து நேராக என்னிடம்தான் சண்டைக்கு வந்தார். நாளைக்கு எங்கள் வீட்டுக்கு விறகு யார் வெட்டுவார்கள், கூட்டத்து ஆட்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று கேட்டார். பதினைந்து வயதிலிருந்து மருந்தடிக்கிறேன், எனக்கு என்ன வந்துவிட்டது என்றார். அவருக்கு வரவில்லை என்பது உண்மைதான். ஒரே விஷம் எல்லோரையும் ஒரே மாதிரித் தொடுவதில்லை, அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். நான் பதில் சொல்லப் போவதற்குள் டாக்டர் அம்மா வந்து, ரெஜினாவின் கையை அவரிடம் காட்டும்படி மட்டும் சொன்னார். மனிதர் அந்த நகங்களை அதுவரை பார்த்ததே இல்லை. தினமும் அந்தக் கையால்தான் அவருக்குத் தேத்தண்ணி வந்துகொண்டிருந்தது.

டாக்டர் அம்மா தோட்டத்தை நடத்தும் துரையோடு போனில் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, கதவைச் சாத்திக்கொண்டார். மருந்து ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு சீமெந்துத் தொட்டியும் குழாயும் போட்டார்கள். டாங்கிகளுக்குப் புது வாஷர் வந்தது. சோப்பும் கையுறையும் கொடுத்தார்கள். அவரவர் படங்கை வேலை முடிந்ததும் அங்கேயே கழுவிவிட்டுத்தான் லயத்துக்குப் போக வேண்டும் என்று, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் சொன்னார்களாம். முதல் நாள் ஒருவரும் தொட்டிப் பக்கம் போகவில்லை. ஆம்பளை துணி கழுவுவதா? சவரிமுத்துதான் கையுறையை மாட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்கத் தன் படங்கைக் கழுவினாராம். கங்காணி பெண்டாட்டி வேலைக்கு இறங்கிவிட்டார் என்று கேலி பறந்ததாம். இதையெல்லாம் அவரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது காது சிவந்திருந்தது. அன்றைக்கு அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன், அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

மெல்ல மெல்லச் சிலர் கழுவினார்கள். சிலர் கழுவவில்லை. அவர்களுடைய மனைவிமார் ஆண்களைச் சொல்லிப் பயனில்லை என்று படங்கை வாளியில் போட்டு, பழைய வழக்கப்படி லயத்துப் பீலியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். பீலி ரெஜினாவின் வாசலுக்கு நேர் எதிரே. சண்டைக்காரியாக இருந்தால் தூக்கி எறிந்திருப்பாள். அவள் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. "அம்மாவைத் தூக்கிட்டு பஸ்ஸுக்குக் கொண்டாந்து விட்டது அவங்க வீட்டு ஆம்பளைங்கதாங்க மிஸி. முடியாதுன்னு எப்படிச் சொல்றது?" என்று என்னிடம் அழுதாள். அதற்கு என்னிடம் குளிசை இல்லை. மாட்டேன் என்று சொல், என் மேல் பழியைப் போடு என்றேன். ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே என் பேச்சு எவ்வளவு தூரம் போகும்?

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெற்றேன். லூர்தம்மாவின் நோய் முற்றி, பஸ்ஸில் வர முடியாமல் போயிற்று. மகளே வந்து குளிசை வாங்கிப் போகிறாள் என்று கிளினிக் பிள்ளைகள் சொன்னார்கள். எனக்கு மனது கேட்கவில்லை. ஒரு நாள் பஸ் மாறி, ஆட்டோ பிடித்து, மிச்சத்தை முழங்கால் வலியோடு ஏறிப் போனேன். வேலை கலைகிற நேரம்.

வீட்டில் லூர்தம்மா இல்லை. ரெஜினா என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்தாள். நான் முதலில் பார்த்தது நகங்களைத்தான். நகங்கள் புதிதாக, வரிசையாக, பளிச்சென்று வளர்ந்திருந்தன. அம்மா எங்கே என்றேன். தலையால் எதிர்ப்பக்கம் காட்டினாள்.

பீலிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் லூர்தம்மா உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். கம்பளியைப் போர்த்தியிருந்தார்கள். இரண்டு கையும் மடியில் கிடந்து நடுங்கின. தினமும் வேலை கலைகிற நேரத்துக்கு அங்கே கொண்டுபோய் வைக்கச் சொல்கிறாராம், இருட்டும் வரைக்கும் எழும்ப மாட்டாராம். மழை பெய்தால் குடையோடு உட்கார்ந்திருக்கிறாராம். நான் பக்கத்தில் போய்ப் பேசினேன். அவர் கண் என் மேல் இல்லை, லயத்து வழியில் இருந்தது.

ஓர் இளம்பெண் வாளியோடு வந்தாள். கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவனின் மனைவி என்று ரெஜினா காதில் சொன்னாள். வாளிக்குள் படங்கு. எனக்கே அந்த வாடை வந்தது. லூர்தம்மா எழும்பப் பார்த்தார். கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. நான் தாங்கப் போனேன், ரெஜினா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "விடுங்க மிஸி. அம்மா பாத்துக்கும்."

லூர்தம்மா மடியிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, முன்னால் நீட்டி, அந்தப் பெண்ணுக்குக் காட்டினார். பேச்சில்லை. இந்த நோயில் குரலும் போய்விடும். கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் கையில் இருந்த வாளியைப் பார்த்தாள். திரும்பி ஸ்டோர்ப் பக்கம், தொட்டியை நோக்கி நடந்தாள்.

நான் லூர்தம்மாவின் முன்னால் குந்தினேன். குளிருக்குள் ஏன் இப்படி உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறீர்கள், அவள்தான் போய்விட்டாளே, உள்ளே வாருங்கள் என்றேன். அவர் உதடு அசைந்தது. என் காதை அவர் வாயோடு வைத்துத்தான் கேட்க முடிந்தது.

"நாளைக்கும் கொண்டு வருவா மிஸி. நானும் இருப்பேன்."